பிளவு வேறு, துளை வேறு: வாசகர் கேள்வி பதில்

உலோகக் கீற்றணிகளில், அதாவது இணையான பிளவுகள் சம இடைவெளியில் வரிசையாக உள்ள உலோக அமைப்புகளில், மிகக் குறுகிய பிளவுகள் வழியே ஒளி எப்படிப் போகிறது என்று கேட்டு வந்த கடிதங்களை இம்மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நீண்ட கடிதங்களைக் கேள்வி மட்டும் மிஞ்சும்படி சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: அலைநீளத்தைவிடக் குறுகலான இடைவெளி வழியே ஒளி போகாது என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் 100 நானோமீட்டர் பிளவுகள் கொண்ட உலோகக் கீற்றணி வழியே 600 நானோமீட்டர் ஒளி தாராளமாகப் போகிறது என்று வேறோர் இடத்தில் படித்தேன். எதை நம்புவது? (பி.எஸ்சி. இயற்பியல் மாணவி)

பதில்: இரண்டையும் நம்பலாம். ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று பொருந்தும்.

முதலில், மின்புலம் பிளவின் நீளவாக்கில் அதிர்வதாக வைத்துக்கொள்வோம். நல்ல கடத்தியின் மேற்பரப்பை ஒட்டி, அதற்கு இணையாக மின்புலம் நிற்க முடியாது. ஆகவே பிளவின் இரு சுவர்களிலும் புலம் சுழியாக இருந்தாக வேண்டும், நடுவில் மட்டும் அது எழும்பலாம். அதற்குக் குறைந்தது அரை அலைநீள அகலம் தேவை. 600 நானோமீட்டர் ஒளிக்கு 300 நானோமீட்டர். பிளவு 100 நானோமீட்டர்தான் என்றால் அலை உள்ளே ஓடாது, போகப் போகத் தேய்ந்துவிடும். உலோகத்தின் கனம் 200 நானோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், பிளவுக்குள் நுழைந்ததில் பத்து லட்சத்தில் ஏழு பங்குதான் மறுமுனையை எட்டும். இது குறையே இல்லாத இலட்சியக் கடத்திக்கான கணக்கு. நிஜ உலோகத்தில் புலம் ஒவ்வொரு சுவருக்குள்ளும் 25 நானோமீட்டர் அளவுக்குப் புகும், அதனால் பிளவு 150 நானோமீட்டர் அகலம் உள்ளதுபோல் நடந்துகொள்ளும். அப்போதும் பத்தாயிரத்தில் ஏழுதான். உங்கள் வகுப்பில் சொன்னது இந்த நிலைக்குச் சரி.

இப்போது மின்புலம் பிளவுக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவரை நோக்கி அதிரட்டும். சுவருக்குச் செங்குத்தான புலத்துக்கு அந்தத் தடை கிடையாது. ஒரு சுவரில் நேர் மின்னூட்டமும் எதிரே எதிர் மின்னூட்டமும் சேர்ந்து, அடுத்த அரைச் சுற்றில் இடம் மாறி, இந்த ஏற்பாடு அப்படியே ஆழத்தை நோக்கி ஓடும். பழைய டிவி ஆன்டெனாவிலிருந்து இறங்கிய தட்டை ஒயரை நினைத்துப் பாருங்கள். இரு கம்பிகளுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, அதில் வந்த அலையின் நீளமோ மீட்டர் கணக்கில். ஒன்றையொன்று தொடாத இரண்டு கடத்திகள் எதிரெதிரே இருந்தால் அலை போவதற்குக் குறைந்தபட்ச அகலம் என்ற ஒன்றே இல்லை. பிளவின் இரு சுவர்களும் அப்படிப்பட்ட இரண்டு கடத்திகள்தான். துளையில் இது நடக்காது. அதன் சுவர் ஒரே வளையமாகச் சுற்றி மூடியிருப்பதால் இரு பக்கமும் குறுக்குச் சுற்றாகிவிடுகிறது. பிளவையும் துளையையும் ‘சின்ன ஓட்டை’ என்று ஒரே கூடையில் போடுவதால்தான் இந்தத் தலைப்பில் பாதிக் குழப்பம்.

போக வழி இருக்கிறது என்பதற்காக எல்லாம் போய்விடும் என்றில்லை. பிளவின் வாயில் வெளியே உள்ள அலையும் உள்ளே உள்ள அலையும் பொருந்தாததால் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. உள்ளே நுழைந்தது அடிவாயில் ஒருமுறை, மேல்வாயில் ஒருமுறை என்று மோதி மோதி முன்னும் பின்னும் ஓடுகிறது. ஆழம் ஏறக்குறைய அரை அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் இந்த எதிரொளிப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, பிளவு திறந்துவிட்டதுபோல் ஒளி பாய்கிறது. ‘ஏறக்குறைய’ என்பதைக் கவனியுங்கள். புலம் இரு வாய்களிலும் சற்று வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால், தேவையான ஆழம் அரை அலைநீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. புல்லாங்குழல் கணக்கில் வரும் முனைத் திருத்தத்துக்கு இது உறவு.

1999இல் போர்ட்டோ, கார்சியா-விடால், பெண்ட்ரி ஆகிய மூவரும் 3.5 மைக்ரான் இடைவெளியில் 0.5 மைக்ரான் பிளவுகள் கொண்ட தங்கக் கீற்றணியை எடுத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒளி பாய இரண்டு வழிகளை அவர்கள் பிரித்தார்கள். ஒன்று, நாம் மேலே சொன்ன ஆழ ஒத்ததிர்வு. மற்றொன்று, அலைநீளம் கீற்றணியின் இடைவெளியை நெருங்கும்போது உலோகத்தின் இரு முகங்களிலும் எழும் மேற்பரப்பு அலைகள், அதாவது பிளாஸ்மான்கள், கைகோப்பது. இரண்டாவதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது. மேற்பரப்புப் பிளாஸ்மான் துல்லியமாகக் கிளம்பும் அலைநீளத்தில் ஊடுருவல் சுழியை ஒட்டி விழுகிறது, ஆகவே அதன் பங்கு உதவி அல்ல, உபத்திரவம் என்று 2002இல் காவோவும் லாலானும் எழுதினார்கள். குறுகிய பிளவுகளைப் பொறுத்தவரை அவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்பது எங்கள் கருத்து. பிளாஸ்மான் என்ற சொல்லை எதற்கெடுத்தாலும் இழுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. கயிற்றை ஆட்டினால் பிளவுக்கு இணையான அதிர்வு மட்டும் போகும் என்று பாடநூல்களில் வரும் படத்தை இங்கே கொண்டுவராதீர்கள். உலோகப் பிளவில் நடப்பது நேர் எதிர், குறுக்கே அதிர்வதுதான் போகும்.

கேள்வி: துளைகள் மீது விழுந்த ஒளியைப் போல இரு மடங்கு ஒளி துளைகள் வழியே வெளிவந்ததாக ஒரு ஆய்வு சொல்கிறதாமே? ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆவது?

பதில்: விதி பத்திரமாக இருக்கிறது. எப்பெசன் குழு 1998இல் வெளியிட்ட முடிவு அது. 200 நானோமீட்டர் கனமுள்ள வெள்ளிப் படலம், 150 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகள், துளைக்குத் துளை 900 நானோமீட்டர். 1370 நானோமீட்டரை ஒட்டி ஊடுருவல் உச்சம் வந்தது. இப்போது பரப்பைக் கணக்கிடுங்கள்: மொத்தப் பரப்பில் துளைகளின் பங்கு 2.2 சதவீதம்தான். அதன் இரு மடங்கு என்றால் படலத்தின் மீது விழுந்த மொத்த ஒளியில் நான்கரை சதவீதம் போல. மீதி 95 சதவீதமும் எதிரொளித்துத் திரும்பியோ வெள்ளியில் உறிஞ்சப்பட்டோ போயிற்று. துளைகளுக்கு இடையே உள்ள உலோகத்தின் மீது விழுந்த ஒளியும் மேற்பரப்பு அலையாக மாறித் துளைகளுக்கு வந்து சேர்ந்தது என்பதே செய்தி.

அது ஏன் வியப்பை ஏற்படுத்தியது என்றால், தனித் துளை ஒன்றின் ஊடுருவல் ஆரத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் படியாகக் குறையும் என்று ஹான்ஸ் பெத்தே 1944இலேயே காட்டியிருந்தார். இந்த அளவுகளுக்கு அது ஆயிரத்தில் மூன்று பங்கு போல வரும். அதுவும் கனமே இல்லாத தகட்டுக்கு. இந்த வேலைக்காக எப்பெசன் 2014இல் காவ்லி பரிசைப் பகிர்ந்துகொண்டார், அவருடன் பரிசு பெற்றவர்களில் பெண்ட்ரியும் ஒருவர்.

பிளவிலும் இதே வகையான இழுப்பு உண்டு. இலட்சியக் கடத்தியில் உள்ள ஒற்றைப் பிளவு ஒத்ததிர்வில் இருக்கும்போது, தன் அகலம் எவ்வளவாக இருந்தாலும், அலைநீளத்தை π-ஆல் வகுத்த அகலத்தில் விழும் ஒளியைப் பிடித்து அனுப்பும். 600 நானோமீட்டருக்கு அது 190 நானோமீட்டர். பிளவைக் குறுக்கினால் பிடிக்கும் அகலம் குறைவதில்லை, ஒத்ததிர்வின் பட்டைதான் ஒடுங்கும். நிஜ உலோகத்தில் சுவர் உறிஞ்சல் குறுக்கே வந்து இதற்கு ஓர் எல்லை போட்டுவிடும்.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் ஏன் பொடித் துளைகள்? நீளப் பிளவுகளாக இருந்தால் உள்ளே வேகுவது இன்னும் தெளிவாகத் தெரியுமே?

பதில்: தெரியும். கூடவே அலையும் வெளியே வரும்! அடுப்பு ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில், அலைநீளம் 12.2 சென்டிமீட்டர். துளையின் விட்டம் 1.5 மில்லிமீட்டர் என்று கொண்டால், பெத்தேயின் கணக்குப்படி துளை மீது விழுவதில் கோடியில் ஐந்து பங்குதான் வெளியேறும், தகட்டின் கனத்தால் அதிலும் குறையும். அதே 1.5 மில்லிமீட்டரில் நீளப் பிளவு வெட்டினால், குறுக்கே அதிரும் அலைக்கு அது திறந்த வழி. அடுப்புக்குள் அலை எல்லாத் திசையிலும் அதிர்கிறது என்பதால் எந்தப் பக்கம் பிளவு போட்டாலும் ஆபத்துதான்.

உண்மையில் அடுப்பில் நீளப் பிளவு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. அது அரை மில்லிமீட்டர்தான் இருந்தாலும் அலையை மறிக்காது. அதனால்தான் கதவின் ஓரத்தில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் கால் அலைநீளம், அதாவது சுமார் 3 சென்டிமீட்டர், பாதை கொண்ட ஒரு மடிப்புப் பள்ளம் வைக்கிறார்கள். அதன் அடியில் போய்த் திரும்பும் அலை, இடைவெளியில் வெளியேறப் பார்க்கும் அலையை ரத்து செய்துவிடும். கதவு கோணி, கீல் தளர்ந்து, அந்தப் பள்ளம் நசுங்கியிருந்தால் கண்ணாடி முழுசாக இருந்தாலும் அடுப்பை ஓட்டாதீர்கள். கசிவுக்கான வரம்பு, அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 10.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் சோதனைப் பெட்டி இருக்கிறது. குறுகிய பிளவு வழியே அலை போவதை மாணவர்களுக்குக் காட்ட, உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? (மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்)

பதில்: முடியும், நன்றாகவே செய்யலாம். உங்கள் அலைநீளம் 28.6 மில்லிமீட்டர், பாதி 14.3. அலுமினியக் கடையில் அரை இஞ்சு அகலம், எட்டில் ஒரு இஞ்சு கனம் உள்ள தட்டைப் பட்டை கேளுங்கள். மில்லிமீட்டரில் 12.7-க்கு 3.2. இருபது சென்டிமீட்டர் துண்டுகளாக 48 வெட்டினால் சுமார் பத்து மீட்டர் பட்டை செலவாகும், எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். ஒவ்வொரு துண்டிலும் இரு நுனிகளிலிருந்தும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, அகலமான முகத்தில் 5.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இரண்டு எம்5 மரைக்கம்பிகளில் பட்டை, வாஷர், பட்டை, வாஷர் என்று கோத்து நட் போட்டு இறுக்கினால் முடிந்தது. எம்5 சாதா வாஷரின் கனம் ஒரு மில்லிமீட்டர், அதுவே உங்கள் பிளவின் அகலம். எம்4 வாங்கினால் 0.8 ஆகிவிடும், பார்த்து வாங்குங்கள். முடிவில் 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் பலகை, அதில் 47 பிளவுகள், ஒவ்வொன்றும் 12.7 மில்லிமீட்டர் ஆழம்.

இந்தப் பலகையின் முகத்தில் திறந்த பகுதி 24 சதவீதம்தான். ஆனால் அனுப்பும் ஹார்னின் (அலையை வெளிவிடும் புனல் போன்ற வாய்) மின்புலம் பிளவுகளுக்குக் குறுக்கே இருக்கும்படி வைத்தால், கணக்குப்படி 85 சதவீதத்துக்கு மேல் கடந்துபோக வேண்டும். முனைத் திருத்தத்தையும் சேர்த்தால் உச்சம் 13.6 மில்லிமீட்டர் ஆழத்தில் வரும், 12.7 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பலகையை 90 பாகை சுழற்றி மின்புலத்தைப் பிளவுக்கு இணையாக்கினால் மீட்டரின் முள் விழுந்துவிடும். ஒத்ததிர்வு என்பதை நம்பாத மாணவர் யாராவது இருந்தால், 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் இன்னொரு பலகை செய்து காட்டுங்கள். ஆழம் பாதியாகிறது, அலைக்குத் தடை குறைய வேண்டும் என்றுதான் எல்லோரும் ஊகிப்பார்கள். உண்மையில் ஊடுருவல் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும்.

கோளாறு வரும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். இணையாக வைத்தும் முள் சுழிக்கு வரவில்லை என்றால் பெரும்பாலும் பலகையைச் சுற்றி அலை வழிந்து வருகிறது. ஒரு பெரிய அட்டையில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, நடுவில் 18 சென்டிமீட்டர் சன்னல் வெட்டி, பலகையை அதற்குப் பின்னால் வையுங்கள். அடுத்தது, ஹார்னுக்கும் பலகைக்கும் இடையே நிலை அலை. பலகையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே அளவு ஏறி இறங்கும். 7 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு அளவு எடுத்துச் சராசரி பாருங்கள், அல்லது பலகையை ஐந்து பாகை சாய்த்து வையுங்கள். மூன்றாவது, பெட்டியின் மீட்டர். பல பெட்டிகளில் முள்ளின் விலக்கம் திறனுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. முள் பாதிக்கு வந்தால் திறன் பாதி என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு ஹார்ன்களில் ஒன்றை மட்டும் சுழற்றி, கோசைன் வர்க்க விதியோடு ஒப்பிட்டு முதலில் மீட்டரைச் சரிபாருங்கள்.

பட்டை வாங்கக் காசில்லையா? தடித்த பழைய புத்தகம் ஒன்றில் பத்துத் தாளுக்கு ஒன்றாக அலுமினியத் தாளைச் செருகினால் அதுவே ஒரு பிளவு அடுக்கு. 1890களில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளுக்குச் செய்த போலரைசர்களில் (ஒரு திசையில் அதிரும் அலையை மட்டும் விடும் கருவிகள்) ஒன்று, ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே வெள்ளீயத் தகடு வைத்ததுதான். அலை தாள்களின் விளிம்பு வழியாக நுழைய வேண்டும், அட்டை வழியாக அல்ல. இதில் உலோகம் மெல்லியது, வாய் முழுவதும் திறந்தே இருப்பதால் ஆழ ஒத்ததிர்வு பளிச்சென்று தெரியாது. தளவிளைவு, அதாவது அதிர்வுத் திசையைப் பொறுத்து அலை போவதும் நிற்பதும், மட்டும் அழகாகத் தெரியும். புத்தகம் ஈரப்பதத்தில் ஊறியிருந்தால் தண்ணீரே அலையைக் குடித்துவிடும், வெயிலில் காயவைத்து எடுங்கள்.

இந்த வகைச் சோதனைக்கு மூத்தவர் ஹெர்ட்ஸ். 1888இல் கார்ல்ஸ்ரூவில் இரண்டு மீட்டர் உயர எண்கோணச் சட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பிகளை 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இழுத்துக் கட்டி, 66 சென்டிமீட்டர் அலையைத் தடுத்தும் விட்டும் காட்டினார்.

கேள்வி: ஆய்வகத்துக்கு வாங்கிய வயர் கிரிட் போலரைசரை லென்ஸ் துணியால் துடைத்தோம். துடைத்த இடத்தில் மங்கலான கோடு விழுந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது. அந்தக் கண்ணாடியின் ஒரு முகத்தில் அலுமினிய வரப்புகள் நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான வகையில் வரப்புக்கு வரப்பு 100 முதல் 150 நானோமீட்டர், உயரமும் ஏறக்குறைய அந்த அளவோ சற்று அதிகமோ. துணி பட்டால் அவை சாய்ந்து படுத்துவிடும், படுத்த இடத்தில் பிளவு இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிக் காயவைப்பதும் வேண்டாம், காயும்போது திரவத்தின் பரப்பு இழுவிசையே பக்கத்துப் பக்கத்து வரப்புகளை ஒட்டவைத்துவிடும். தூசியைக் கைப்பம்பு ஊதியால் ஊதுவதோடு நிறுத்துங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடுத்த முறை, வரப்புகளின் மேல் இன்னொரு கண்ணாடி மூடியதாக வாங்குங்கள், விலை கூடினாலும் மாணவர் கைக்கு அதுதான் தாங்கும்.

வாங்கும்போது இடைவெளியையும் கேளுங்கள். மிகக் குறைந்த அலைநீளத்தைக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் வருவதைவிட அது சிறிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளி கண்ணாடிக்குள் விளிம்பு விளைவால் சிதறிப் போகும். 400 நானோமீட்டருக்கும் 1.5-க்கும் அது 267. 45 பாகையில் சாய்த்து வைக்கும் எண்ணம் இருந்தால் 180. உலோகம் ஏன் அலுமினியம் என்றால், தங்கம் 500 நானோமீட்டருக்குக் கீழே தானே ஒளியை உறிஞ்சுகிறது, வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தால் கறுக்கிறது. அலுமினியம் சில நானோமீட்டர் ஆக்சைடு படர்ந்ததும் நின்றுவிடும். இன்னொன்று, இது மறிக்கும் ஒளியை உறிஞ்சுவதில்லை, கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. லேசருக்கு நேரே செங்குத்தாக வைத்தால் அது லேசருக்குள்ளேயே திரும்பிப் போகும். சற்றுச் சாய்த்து, திரும்பும் கதிரை ஒரு கறுப்புத் தடுப்பில் விழ விடுங்கள்.

கேள்வி: லேசர் பிரிண்டரில் நுண் கோடுகள் அச்சிட்டு இதை வீட்டில் செய்யலாமா?

பதில்: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு வழியே இல்லை. 600 டிபிஐ என்றால் ஒரு புள்ளி 42 மைக்ரான், ஒரு கோடும் ஒரு இடைவெளியும் சேர்ந்தால் 85. தேவையானதைவிட அறுநூறு மடங்கு பெரிது. டோனர் உலோகமும் அல்ல.

கேள்வி: பிளவுக் கீற்றணியின் ஊடுருவலைக் கணினியில் கணக்கிடுகிறேன். குறுக்கு அதிர்வுக்கு மட்டும் விடை நிலைக்கவே மாட்டேன் என்கிறது. சில இடங்களில் எதிரொளிப்பும் ஊடுருவலும் சேர்ந்து ஒன்றைத் தாண்டுகிறது. (ஆய்வு மாணவர்)

பதில்: இரண்டும் வேறு வேறு பிழைகள். ஒன்றைத் தாண்டுவது பெரும்பாலும் குறி மாறியதால். உலோகத்தின் மின்கடத்தா மாறிலி (மின்புலத்துக்குப் பொருள் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிக்கலெண்), அதன் கற்பனைப் பகுதிக்கு நேர்க்குறியா எதிர்க்குறியா என்பது, உங்கள் நிரல் காலத்தை exp(−iωt) என்று எழுதுகிறதா exp(+iωt) என்று எழுதுகிறதா என்பதைப் பொறுத்தது. மாற்றிப் போட்டால் உறிஞ்ச வேண்டிய உலோகம் ஒளியைப் பெருக்க ஆரம்பிக்கும். 633 நானோமீட்டரில் தங்கத்துக்கு மெய்ப் பகுதி சுமார் −11.6, கற்பனைப் பகுதி 1.2 என்று போட்டு, சமதளத் தங்கப் படலத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

விடை நிலைக்காதது, புலத்தையும் பொருளையும் சைன் அலைகளின் கூட்டாக விரிக்கும் ஃபூரியே முறையின் பழைய நோய். குறுக்கு அதிர்வில் மின்புலமும் மின்கடத்தா மாறிலியும் ஒரே இடத்தில், பிளவின் சுவரில், தாவுகின்றன. இரண்டின் பெருக்கத்தைச் சாதாரண முறையில் தொடராக விரித்தால் மிக மெதுவாகவே ஒருங்கும். தலைகீழ் மதிப்பை விரித்து, அணியைத் தலைகீழாக்கிப் பெருக்கும் வழியை 1996இல் லாலானும் மோரிஸும் ஒரு பக்கமும், கிரானேயும் கிஸாலும் இன்னொரு பக்கமும் கண்டார்கள். அது ஏன் சரி என்ற விதியை லிஃபெங் லி அதே ஆண்டில் எழுதினார். உங்கள் நிரலில் அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் 51, 101, 201 என்று உறுப்புகளைக் கூட்டி, விடை ஒரு சதவீதத்துக்குள் நிற்கும்வரை போங்கள்.

இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து நேரத்தைப் படிப்படியாக நகர்த்தும் நேர-வெளிக் கட்டமுறையில் ஓட்டினால் பிளவின் குறுக்கே பத்துக் கட்டமாவது வேண்டும், உலோகச் சுவரை ஒட்டி இரண்டு நானோமீட்டர் கட்டம். மைக்ரோவேவில் போட்ட இலட்சியக் கடத்தியை ஒளி அலைநீளத்துக்கும் அப்படியே கொண்டுபோகாதீர்கள். வெள்ளியில் 50 நானோமீட்டர் பிளவுக்குள் 633 நானோமீட்டர் ஒளியின் வேகம் குறைந்து, உள்ளே 1.4 ஒளிவிலகல் எண் உள்ள பொருள் இருப்பதுபோல் ஆகிவிடும். அரை அலை ஆழம் 316 நானோமீட்டர் என்று நீங்கள் நினைத்திருக்க, உச்சம் 226-க்கும் கீழே எங்காவது வந்து நிற்கும்.